கமடோர்: கணினியைக் கடைச்சரக்காக்கிய நிறுவனம்

ஆப்பிள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய பெயர்களை அறிந்த தமிழ் வாசகர்களில் பலருக்குக் கமடோர் என்ற பெயர் அவ்வளவாகப் பழக்கமில்லை. நம் வீடுகளுக்குள் கணினி பரவலாக நுழையத் தொடங்கியபோது அந்த நிறுவனம் திவாலாகியிருந்ததே அதற்குக் காரணம். ஆனால் 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘வீட்டுக் கணினி’ என்றால் பெரும்பாலானோர் மனத்தில் முதலில் வந்தது கமடோர்தான். 1982 முதல் 1994 வரை விற்பனையில் இருந்த அதன் ‘கமடோர் 64’, ஒற்றைக் கணினி மாதிரி என்ற வகையில் உலகில் மிக அதிகம் விற்ற மேசைக் கணினி என்று இன்றும் சொல்லப்படுகிறது. நிறுவனத்தின் தரப்பில் கூறப்பட்ட கணக்கு 1.7 கோடி, வரிசை எண்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள் அதை 1.25 கோடி அளவுக்குக் குறைக்கிறார்கள். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் அது வியக்கத்தக்க எண்ணிக்கையே.

இத்தனை விற்ற நிறுவனம் பன்னிரண்டே ஆண்டுகளில் எப்படி அழிந்தது என்பதற்கு நிர்வாகக் கோளாறு, ஆணவம், விளம்பரக் குறைபாடு என்று பல விடைகள் உண்டு. அவற்றில் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. எனினும் கமடோரின் வெற்றிக்கும் தோல்விக்கும் வேர் ஒன்றே என்பது என் கருத்து. கமடோர் கணினியைத் தட்டச்சுப் பொறியையும் கால்குலேட்டரையும் போன்ற ஒரு கடைச்சரக்காகவே பார்த்தது. அடக்கவிலையைக் குறைத்து, போட்டியாளரைவிட மலிவாக விற்று, கையிருப்பு தீர்ந்ததும் அடுத்த சரக்குக்குத் தாவுவதே அதன் வணிக முறையாக இருந்தது. அந்தப் பார்வைதான் கணினியைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டச் செய்தது. வாங்கிய கணினியைச் சுற்றி மென்பொருளும் வட்டுகளும் பழக்கமும் சேர்ந்துவிட்ட வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாமல் போனதற்கும் அதே பார்வைதான் காரணம்.

நிறுவனர் ஜாக் டிரமியெல் 1928இல் போலந்தின் வூட்ச் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிப் படைகள் நகரைப் பிடித்தபின் யூதர்களுக்கான அடைப்புப் பகுதியில் வாழ்ந்து, பின்னர் அவுஷ்விட்ஸ் முகாமுக்கும், அங்கிருந்து ஹனோவர் நகருக்கு அருகிலிருந்த ஆலெம் கட்டாய உழைப்பு முகாமுக்கும் அனுப்பப்பட்டார். தந்தை அங்கேயே இறந்தார். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் வந்தபோது மகன் உயிரோடிருந்தார். 1947இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ராணுவத்தில் சேர்ந்து, அங்கே தட்டச்சுப் பொறிகளைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார். ராணுவத்திலிருந்து வெளிவந்ததும் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தட்டச்சுப் பொறி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். 1950களின் நடுவில் தொழிலைக் கனடாவின் டொரண்டோவுக்கு மாற்றி, செக்கோஸ்லோவாகியாவிலிருந்து தட்டச்சுப் பொறிகளைத் தருவித்துக் கமடோர் என்ற பெயரில் விற்றார். கிழக்கு ஐரோப்பியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்திருந்த கட்டுப்பாடு கனடாவில் இல்லை என்பதைப் பயன்படுத்திக்கொண்ட ஏற்பாடு அது.

1962இல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில், அதற்குக் கடன் கொடுத்துவந்த அட்லாண்டிக் அக்செப்டன்ஸ் என்ற கனடிய நிதி நிறுவனம் பெரும் ஊழலோடு கவிழ்ந்தது. அதன் தலைவர் பவல் மார்கன் கமடோரின் தலைவராகவும் இருந்ததால் கமடோரின் பெயரும் கெட்டது. டிரமியெல் மீது வழக்கு எதுவும் போடப்படவில்லை. ஆனால் வங்கிகள் கைவிட்டன. அந்த நேரத்தில் பணம் போட்டுப் பெரும்பங்கு பெற்றவர் இர்விங் கூல்டு என்ற முதலீட்டாளர். அன்று முதல் நிறுவனத்தை நடத்தியவர் டிரமியெல் என்றாலும், அவரை வெளியேற்றும் அதிகாரம் கூல்டின் கையில் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டது.

கமடோரைக் கணினிப் பக்கம் தள்ளியது கால்குலேட்டர் சந்தையில் கிடைத்த ஓர் அடி. 1970களின் தொடக்கத்தில் கமடோர் கையடக்கக் கால்குலேட்டர்களை விற்று நன்றாகவே சம்பாதித்தது. உள்ளே இருந்த முக்கியச் சில்லுகளை (சிப்) டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் உள்ளிட்ட வெளி நிறுவனங்களிடமிருந்து வாங்கி, உறை, விசைகள், பெயர்ப்பட்டை ஆகியவற்றைச் சேர்த்து விற்பதே கமடோரின் வேலை. 1972இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தானே கால்குலேட்டர் விற்கத் தொடங்கியது. சில்லைச் செய்பவனே முழுப் பொருளையும் விற்க வந்துவிட்டால் இடையில் இருப்பவனுக்கு வழி ஏது? விரைவிலேயே டெக்ஸஸின் முழுக் கால்குலேட்டர் விலை, அதற்கான பாகங்களைக் கமடோர் வாங்கும் விலையைவிடக் குறைந்தது. 1975இல் கமடோர் நட்டத்தில் விழுந்தது. சில்லுத் தொழிற்சாலை தன் கையில் இல்லாத எவனும் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது என்பதே டிரமியெல் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். 1976இல் கூல்டின் உதவியோடு, பென்சில்வேனியா மாநிலத்தின் நாரிஸ்டவுன் நகருக்கு அருகிலிருந்த மாஸ் டெக்னாலஜி என்ற சில்லு நிறுவனத்தை வாங்கினார்.

கால்குலேட்டர் சில்லுக்காக வாங்கிய அந்தத் தொழிற்சாலையில், அவர் தேடாத ஒரு பொருளும் இருந்தது. மோட்டோரோலாவில் 6800 நுண்செயலி திட்டத்தில் பணிபுரிந்த சக் பெடில், பில் மென்ச் உள்ளிட்ட சில பொறியாளர்கள், மலிவான நுண்செயலி வேண்டும் என்ற தங்கள் யோசனை அங்கே எடுபடாததால் 1974இல் மாஸ் டெக்னாலஜிக்கு வந்திருந்தார்கள். அவர்கள் உருவாக்கிய 6502, 1975 செப்டம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மின்னணுக் கண்காட்சியின்போது விற்பனைக்கு வந்தது. அரங்குக்குள்ளேயே விற்க அனுமதி இல்லாததால், அருகிலிருந்த ஹோட்டல் அறை ஒன்றில் கண்ணாடி ஜாடி நிறையச் சில்லுகளை வைத்து விற்றார்கள். ஜாடியின் அடிப்பகுதியில் கிடந்தவை வேலை செய்யாத சில்லுகள் என்று பின்னாளில் அவர்களே சொன்னார்கள். விலை 25 டாலர். போட்டி நிறுவனங்களின் நுண்செயலிகள் நூறு டாலருக்கு மேல் விற்ற காலம் அது. சில்லின் அச்சுத் தகடுகளில் ஏற்படும் பிழைகளைத் திருத்தும் முறை ஒன்றைக் கைக்கொண்டதால், ஒவ்வொரு சிலிக்கான் வட்டிலும் தேறும் சில்லுகளின் விகிதம் மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. விலை குறைந்ததன் ரகசியம் அதுவே. அன்று சில்லு வாங்கியவர்களில் ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஒருவர். ஆப்பிளின் முதல் இரு கணினிகள், அட்டாரியின் வீட்டுக் கணினிகள், பிரிட்டனின் பிபிசி மைக்ரோ ஆகிய எல்லாமே 6502ஐ மையமாகக் கொண்டவை. அவற்றின் மூளை பிறந்த இடம் கமடோருக்குச் சொந்தமாகிவிட்டது.

கால்குலேட்டருக்கு எதிர்காலம் இல்லை, முழுக் கணினி செய்வோம் என்று பெடில் டிரமியெலை இணங்கவைத்தார். அதன் விளைவான ‘பெட்’ 1977 ஜனவரியில் காட்சிக்கு வைக்கப்பட்டு, அவ்வாண்டின் பிற்பகுதியில் வாங்குவோர் கைக்குப் போனது. திரை, விசைப்பலகை, கேசட் பதிவான் மூன்றும் ஒரே உறைக்குள் இருந்தன; மின்சாரத்தில் செருகினால் போதும். 4 கிலோபைட் நினைவகம் கொண்ட மாதிரி 595 டாலர், 8 கிலோபைட் மாதிரி 795 டாலர். இந்த இயந்திரத்தை உற்றுப் பார்த்தால் அதைச் செய்த நிறுவனத்தின் பழைய வாழ்க்கை தெரியும். அதன் கனத்த தகட்டு உறையை வளைத்துச் செய்தது, டொரண்டோவில் கமடோர் வைத்திருந்த அலுவலக மேசை, அலமாரித் தொழிற்சாலை. முதல் மாதிரியின் விசைகள் கால்குலேட்டர் விசைகளைப் போன்ற சிறு சதுரங்கள். பத்து விரல்களாலும் தட்டச்சு செய்யப் பழகியவருக்கு அது பெரும் தொல்லை. தட்டச்சுப் பொறியில் தொழிலைத் தொடங்கிய நிறுவனம் தட்டச்சு செய்ய முடியாத கணினியை விற்றது ஒரு விநோதம்தான். எனினும் விலைக்காக மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். முன்பணம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு.

மென்பொருள் விஷயத்திலும் டிரமியெலின் வியாபாரப் புத்தி வேலை செய்தது. அன்றைக்குச் சிறு நிறுவனமாக இருந்த மைக்ரோசாஃப்ட், தன் பேசிக் என்ற நிரல்மொழியைக் கணினி ஒன்றுக்கு இவ்வளவு என்று விற்க விரும்பியது. டிரமியெல் அதற்கு உடன்படாமல், ஒருமுறைக் கட்டணம் கொடுத்து என்றென்றைக்குமான உரிமையைப் பெற்றார். பின்னால் விற்ற கோடிக்கணக்கான கணினிகளில் போன பேசிக்குக்கு மைக்ரோசாஃப்டுக்குத் தனியே எதுவும் போகவில்லை. இதில் ஒரு சுவையான சங்கதி உண்டு: பெட் கணினியின் இரண்டாம் பதிப்புப் பேசிக்கில் ‘வெயிட் 6502, 5’ என்று அடித்தால், ‘மைக்ரோசாஃப்ட்!’ என்ற சொல் திரையில் ஐந்து முறை தோன்றும். உரிமை கொண்டாட முடியாத இடத்தில் பில் கேட்ஸ் ஒளித்துவைத்த கையெழுத்து அது.

1980 வாக்கில் ஜப்பானிய நிறுவனங்கள் மலிவான கணினிகளோடு அமெரிக்காவுக்குள் நுழையப்போகின்றன என்ற அச்சம் டிரமியெலைப் பிடித்துக்கொண்டது. கால்குலேட்டரில் பட்ட அடி மீண்டும் விழுவதற்குள் நாமே மலிவுக் கணினியைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவெடுத்தார். அதற்கு வேண்டிய திரைச் சில்லு மாஸ் டெக்னாலஜியில் ஏற்கெனவே இருந்தது. அல் சார்பென்டியர் என்ற பொறியாளர் விளையாட்டு இயந்திரங்களுக்கென்று 1977இல் வடிவமைத்து, வாங்க ஆளில்லாமல் கிடந்த சில்லு அது. அதைச் சுற்றி ஒரு கணினியைக் கட்டியதும் விக்-20 பிறந்தது. முதலில் ஜப்பானில், பிறகு 1981இல் அமெரிக்காவில், முந்நூறு டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் அது வந்தது. ஒரு வரியில் 22 எழுத்துகளே தெரியும். 5 கிலோபைட் நினைவகத்தில் பயனருக்கு எஞ்சியது மூன்றரை கிலோபைட்தான். ஆனால் விசைப்பலகை உண்மையான விசைப்பலகை; திரையில் வண்ணம் உண்டு; வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துக்கொள்ளலாம். சிறப்புக் கணினிக் கடைகளைத் தாண்டி, கே-மார்ட் போன்ற பொது அங்காடிகளில் துணிமணிக்கும் பொம்மைக்கும் பக்கத்தில் அதை அடுக்கிவைத்தார்கள். பத்து லட்சம் விற்ற முதல் கணினி அதுவே.

விற்காத சில்லுக்கு ஒரு கணினியைக் கட்டிய இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் கமடோர் 64 உருவான கதை புரியும். 1981 ஜனவரியில் மாஸ் டெக்னாலஜியின் பொறியாளர்கள் சிலர் அடுத்த சில்லு என்ன செய்யலாம் என்று பேசி, அன்றைக்குக் கிடைத்ததிலேயே சிறந்த திரைச் சில்லையும் ஒலிச் சில்லையும் செய்வதென்று தீர்மானித்தார்கள். நோக்கம் விளையாட்டு இயந்திரம்தான். திரைச் சில்லைச் சார்பென்டியரும், ஒலிச் சில்லைப் பாப் யானஸும் கவனித்தார்கள். போட்டி இயந்திரங்களை ஆராய்ந்து, எவையெவை நன்று என்று குறித்துக்கொண்டு, அவற்றில் ஒரு சிலிக்கான் பரப்புக்குள் அடங்குவன அனைத்தையும் சேர்த்தார்கள். சொந்தத் தொழிற்சாலை என்பதால், சோதனைச் சில்லை வார்த்து, பிழை கண்டு, திருத்தி, மீண்டும் வார்ப்பதற்கு வெளியாரிடம் மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. நவம்பரில் சில்லுகள் தயாராயின. அப்போது டிரமியெல் திட்டத்தை மாற்றி, விளையாட்டு இயந்திரம் வேண்டாம், 64 கிலோபைட் நினைவகம் கொண்ட வீட்டுக் கணினி வேண்டும், அதுவும் ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் கண்காட்சிக்குள் வேண்டும் என்றார். 64 கிலோபைட் என்பது அன்றைய சந்தையில் செலவு மிக்க கோரிக்கை. உற்பத்தி தொடங்குவதற்குள் நினைவகச் சில்லுகளின் விலை சரியும் என்ற கணிப்பை நம்பி எடுத்த துணிச்சல் அது. கணிப்பு பலித்தது. உறைக்கு நேரமில்லாததால் விக்-20இன் உறையையே எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மானியப் பயனர்கள் பின்னாளில் அதற்கு ரொட்டிப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள்.

1982 ஜனவரியில் லாஸ் வேகாஸுக்கு வந்தவர்கள் விலையைப் பார்த்து நம்பவில்லை. 595 டாலருக்கு 64 கிலோபைட், 16 வண்ணங்கள், திரையில் தன்னிச்சையாக நகரும் எட்டு உருவங்கள், இசைக்கருவிக்கு நிகரான ஒலி. தொடக்கத்தில் ஓர் இயந்திரத்துக்கு ஆன அடக்கவிலை சுமார் 135 டாலர் என்பது பின்னர் வெளிவந்த விவரம். நுண்செயலி, திரை, ஒலி, உள்ளீட்டு வெளியீட்டுச் சில்லுகள் யாவும் சொந்தத் தொழிற்சாலையிலேயே உற்பத்தியானதால் இடைத்தரகு லாபம் எவருக்கும் போகவில்லை. அதே சில்லுகளை வெளியில் வாங்க வேண்டியிருந்த போட்டியாளர் எவராலும் அந்த விலையை எட்ட முடியவில்லை.

ஒலிச் சில்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். யானஸ் மின்னணு இசையில் ஈடுபாடு கொண்டவர். அன்றைய கணினிகளின் ‘பீப்’ ஒலிகள் இசை தெரியாதவர்கள் செய்தவை என்பது அவருடைய எண்ணம். ஆகவே ‘சிட்’ எனப்பட்ட தம் சில்லில் மூன்று குரல்களை வைத்து, ஒவ்வொரு குரலுக்கும் ஒலி எழும்பும் வேகம், தணியும் வேகம், நிலைக்கும் அளவு, அடங்கும் வேகம் ஆகியவற்றைத் தனித்தனியே அமைக்கும் வசதியைத் தந்தார். அவற்றின் மீது ஓர் அனலாக் வடிப்பானையும் ஏற்றினார். சில்லுக்குச் சில்லு அந்த வடிப்பானின் குணம் சற்று மாறியதால், ஒரே பாட்டு இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக ஒலித்தது. ஐரோப்பாவில் அந்தச் சில்லுக்கென்றே இசையமைக்கும் ஒரு தலைமுறை உருவானது. இன்றைக்கும் அந்தச் சில்லைத் தேடி வாங்கி இசைக்கருவிகளில் பொருத்துகிறார்கள். யானஸும் சார்பென்டியரும் மற்றும் சிலரும் கணினி வெளிவந்த சிறிது காலத்திலேயே கமடோரை விட்டு விலகினார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் என்சோனிக் என்ற பெயரில் இசைக்கருவிகள் செய்து பெயர் பெற்றது. பெட் கணினியின் தந்தையான பெடில் 1980லேயே போய்விட்டிருந்தார். ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் அதைச் செய்தவர்கள் வெளியேறுவது கமடோரில் வாடிக்கையாகவே இருந்தது.

செலவைக் குறைக்கும் வேகத்துக்குக் கொடுத்த விலை எப்படிப்பட்டது என்பதைக் கமடோர் 64உடன் விற்ற 1541 என்ற வட்டு இயக்கியில் (ஃபிளாப்பி டிரைவ்) காணலாம். பெட் கணினி தன் வட்டு இயக்கியோடு பேசியது, பல பிட்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பும் இணைவழிக் கம்பியில். வேகம் உண்டு, ஆனால் கம்பி விலை அதிகம், தட்டுப்பாடும் இருந்தது. ஆகவே விக்-20க்கு மலிவான தொடர்வழிக் கம்பியைத் தேர்ந்தார்கள். ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளையும் வன்பொருளே வரிசையாக அனுப்பும்படி, மாஸ் டெக்னாலஜியின் 6522 என்ற சில்லில் இருந்த ஒரு பதிவகத்தை நம்பினார்கள். அந்தப் பதிவகத்தில் பிழை இருந்தது. காலம் குறைவாக இருந்ததால், ஒவ்வொரு பிட்டையும் மென்பொருளே கைப்பட அனுப்பும்படி மாற்றினார்கள், வேகம் படுத்துவிட்டது. கமடோர் 64இல் பிழை நீங்கிய புதுச் சில்லு இருந்தும், அதற்கு வேண்டிய இணைப்புக் கோடுகள் சுற்றுப் பலகையை உற்பத்திக்குத் தயார்செய்தபோது நீக்கப்பட்டுவிட்டன. அது போதாதென்று, புதிய திரைச் சில்லு அவ்வப்போது நுண்செயலியை நிறுத்திவைத்து நினைவகத்தைத் தான் படித்துக்கொள்வதால், கணினி வட்டு இயக்கியின் பழைய வேகத்துக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே அதை இன்னும் மெதுவாக்கினார்கள். முடிவில் வினாடிக்குச் சுமார் 400 பைட். ஓரளவு பெரிய விளையாட்டு ஒன்றை ஏற்ற இரண்டு நிமிடம் ஆனது.

இத்தனைக்கும் அந்த இயக்கி சாதாரணப் பெட்டியன்று. அதற்குள் தனியாக ஒரு 6502 நுண்செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் இருந்தன. அதுவே ஒரு முழுக் கணினி. அதைக் கவனித்த வெளி நிரலாளர்கள், தங்கள் நிரலை இயக்கியின் நினைவகத்துக்குள்ளேயே அனுப்பி, கமடோரின் பரிமாற்ற முறையை ஓரங்கட்டி, பல மடங்கு வேகமாக ஏற்றும் உத்திகளைக் கண்டுபிடித்தார்கள். அத்தகைய வேக ஏற்றிகளை விற்பது தனி வணிகமாகவே வளர்ந்தது. கமடோர் விட்ட குறையைத் திருத்தி மற்றவர்கள் பணம் பார்த்தார்கள். கமடோரோ அந்த இயக்கியை மாற்றமின்றி லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. பேசிக் மொழியிலும் இதே கதைதான். பழைய ஒருமுறைக் கட்டணப் பேசிக்கையே போட்டதால், அருமையான திரைச் சில்லையும் ஒலிச் சில்லையும் இயக்க அதில் ஒரு கட்டளைகூட இல்லை. திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க வேண்டுமென்றால் ‘போக் 53280, 0’ என்று நினைவக முகவரியை நேராக எழுத வேண்டும். அதன் எதிர்பாராத பலனாக, பள்ளி வயதுப் பிள்ளைகள் கையேட்டைப் பிரித்து இயந்திரத்தின் உள்ளமைப்பையே கற்றுக்கொள்ள நேர்ந்தது.

1982 முதல் 1983 வரை நடந்த விலைப்போரைப் பலர் கணினிப் போட்டியாக எழுதுகிறார்கள். டிரமியெலுக்கு அது பழைய கணக்கைத் தீர்க்கும் வாய்ப்பாகவும் இருந்தது, ஏனென்றால் எதிரில் நின்றது டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 1981இல் 525 டாலருக்கு வந்த அவர்களுடைய 99/4ஏ கணினியின் விலையை விக்-20 கீழே இழுத்தது. அவர்கள் நூறு டாலர் தள்ளுபடி தந்தார்கள். கமடோர் மேலும் குறைத்தது. 1983இல் இரு இயந்திரங்களும் நூறு டாலரைச் சுற்றி விற்றன. இன்னொரு பக்கம் கமடோர் 64இன் விலை இருநூறு டாலர் அளவுக்கு இறங்கியது; எந்தப் பழைய கணினியை அல்லது விளையாட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாலும் நூறு டாலர் கழிவு என்றும் அறிவித்தார்கள். அதைவிட மலிவான டைமெக்ஸ் சின்க்ளேர் கணினி ஒன்றை வாங்கி, பெட்டியோடு கமடோரிடம் கொடுத்துக் கழிவு பெற்றவர்கள் உண்டு. 1983 அக்டோபரில் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கணினித் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. அட்டாரி ஐம்பது கோடி டாலருக்கு மேல் இழந்தது. அந்த ஆண்டில் கமடோரின் விற்பனை நூறு கோடி டாலரைத் தாண்டியது.

வெற்றி முழுமையானதுதான், ஆனால் அதில் அடிபட்டவர்களில் கமடோரின் சொந்த முகவர்களும் இருந்தார்கள். சிறு கணினிக் கடைக்காரர்கள் முந்தின மாதம் அதிக விலைக்குக் கொள்முதல் செய்து அடுக்கிவைத்த சரக்கு, அடுத்த மாதம் பொம்மைக் கடையில் அதைவிட மலிவாகக் கிடைத்தது. பழுதான இயந்திரங்கள் குவிந்தன. பிசின் ஊற்றி மூடப்பட்ட மின்வழங்கிப் பெட்டி கெட்டுப்போகும்போது மின்னழுத்தம் எகிறி நினைவகச் சில்லுகளையும் சேர்த்துக் கொன்றது. விளக்கம் சொல்லவும் பழுதுபார்க்கவும் தெரிந்த கடைக்காரர்கள் கமடோரைக் கைவிட்டார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள கணினியை விற்க வேண்டிவந்தபோது அந்தக் கடைகள் இல்லாத குறை கமடோருக்கு உறைத்தது.

1984 ஜனவரி 13 அன்று, வெற்றியின் உச்சியில், கூல்டோடு ஏற்பட்ட மோதலால் டிரமியெல் நிறுவனத்திலிருந்து விலகினார். ஆறே மாதத்தில் வார்னர் குழுமத்திடமிருந்து அட்டாரியின் வீட்டுக் கணினிப் பிரிவை வாங்கி, கமடோரின் பொறியாளர்கள் பலரையும் அழைத்துக்கொண்டு போட்டியாளராக எதிரில் வந்து நின்றார். கமடோரின் தலைமைக்கு உருக்குத் தொழிலிலிருந்து ஒருவர் வந்தார். பிறகு குளிர்பானத் தொழிலிலிருந்து வந்த தாமஸ் ராட்டிகன் நட்டத்தை லாபமாக மாற்றிக் காட்டினார், ஆனால் 1987இல் கூல்டு அவரையும் நீக்கினார். டிரமியெல் இருந்திருந்தால் கமடோர் பிழைத்திருக்கும் என்று சொல்பவர்கள் அன்றும் இன்றும் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அவர் காலத்திலேயே தொடங்கி 1984இல் வெளிவந்த ‘பிளஸ்/4’ என்ற கணினியைப் பாருங்கள். கமடோர் 64இன் மென்பொருள் எதுவும் அதில் ஓடவில்லை. நகரும் உருவங்களும் இல்லை, சிட் ஒலிச் சில்லும் இல்லை. மிக மலிவான கணினிக்கென்று செய்த புதிய சில்லு ஒன்று கையில் இருந்ததால் அதற்கும் ஒரு பெட்டி கட்டினார்கள். கால்குலேட்டர் வியாபாரத்தில் புது மாதிரி பழையதோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் கிடையாது; இரண்டும் இரண்டைக் கூட்டினால் நான்குதான். கணினியில் அப்படியில்லை என்பதை, கமடோர் 64க்கு மென்பொருள் வாங்கிச் சேர்த்த லட்சக்கணக்கானோர் பிளஸ்/4ஐ ஒதுக்கித் தள்ளிச் சொன்னார்கள். ஐபிஎம், ஆப்பிள் இரண்டும் அந்த ஆண்டுகளில் பழைய மென்பொருள் புதிய இயந்திரத்தில் ஓடும் வரிசைகளைக் கட்டிக்கொண்டிருந்தன.

கமடோர் அடுத்து விற்ற அமிகா என்ற கணினி அந்த நிறுவனத்துக்குள் பிறந்ததன்று. அட்டாரியின் பழைய பொறியாளர் ஜே மைனர் வடிவமைத்த அந்தக் கணினியின் நிறுவனம் பணத்துக்குத் தவித்து, அட்டாரியிடம் ஐந்து லட்சம் டாலர் கடன் வாங்கியிருந்தது. 1984இல் கமடோர் அந்தக் கடனை அடைத்து நிறுவனத்தையே வாங்கியது. 1985 ஜூலை 23 அன்று நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையிலேயே பாடகி டெபி ஹாரியின் படத்தை அதில் தீட்டிக் காட்டினார். 4,096 வண்ணங்கள், நான்கு ஒலித்தடங்கள், ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டும் இயங்குதளம் என்று 1,295 டாலருக்கு வந்த அந்த இயந்திரம் காலத்துக்கு மிக முந்தியது. அதை யாருக்கு விற்பது என்பதுதான் கமடோருக்குத் தெரியவில்லை. 1987இல் வந்த மலிவான அமிகா 500 பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் விளையாட்டுக் கணினியாக நன்கு விற்று, நிறுவனத்துக்கு இன்னும் சில ஆண்டு ஆயுளைத் தந்தது. அமெரிக்காவில் தொலைக்காட்சி நிலையங்கள் படக்கோவைக்கு அதைப் பயன்படுத்தின; அலுவலகங்களும் பள்ளிகளும் தொடவில்லை.

இந்தக் கட்டத்தில் கமடோரின் ஆதாரமான சில்லுத் தொழிற்சாலையே பாரமாக மாறியிருந்ததைப் பலர் கவனிப்பதில்லை. சில்லு உற்பத்தி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் முதலீட்டோடு கருவிகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய தொழில். கமடோர் அதைச் செய்யவில்லை. லாபம் வந்த ஆண்டுகளில் பணம் வேறு பக்கம் போனது. கூல்டின் பயன்பாட்டுக்கு நிறுவனத்தின் தனி விமானம் இருந்தது. 1992இல் அமிகாவுக்குப் புதிய திரைச் சில்லு வந்தபோது அதை வார்க்கச் சொந்தத் தொழிற்சாலையால் முடியாமல் ஹியூலெட் பேக்கார்டிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் வந்த அமிகா 600, அமிகா 500ஐவிட மலிவாக இருக்கும் என்று திட்டமிடப்பட்டு, உற்பத்திக்கு வந்தபோது அதைவிட அதிகச் செலவு வைத்தது. அடக்கவிலையைக் குறைப்பதற்கென்றே பிறந்த நிறுவனம் அந்த ஒரு திறமையையும் இழந்துவிட்டது. ஐபிஎம் வகைக் கணினிகளோ இதற்குள் ஆசியாவெங்கும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களால் செய்யப்பட்டு, வண்ணத்திலும் வேகத்திலும் அமிகாவை எட்டிப் பிடித்து, விலையிலும் இறங்கிக்கொண்டிருந்தன. ஒற்றை நிறுவனம் தன் சில்லைத் தானே செய்து பெற்ற விலைச் சாதகம், உலகமே ஒரே வகைச் சில்லைச் செய்தபோது காணாமல் போயிற்று.

1993இல் வந்த குறுவட்டு விளையாட்டு இயந்திரமான சிடி32, காப்புரிமை வழக்கு ஒன்றில் சிக்கி அமெரிக்கச் சந்தைக்குள் நுழைய முடியாமல் போனது. கைவசம் பணமில்லை. 1994 ஏப்ரல் 29 அன்று கமடோர் செயல்பாட்டை நிறுத்திக் கலைப்பதாக அறிவித்தது; நிறுவனம் பஹாமாஸ் தீவில் பதிவாகியிருந்ததால் கடன்காரர்களின் வழக்கு அங்கும் அமெரிக்காவிலுமாக ஓராண்டு இழுத்தது. 1995இல் எஸ்காம் என்ற ஜெர்மானியக் கணினி வணிக நிறுவனம் ஏலத்தில் எடுத்தது. அடுத்த ஆண்டே எஸ்காமும் திவாலானது. அதன் பிறகு கமடோர் என்ற பெயர் ஒரு கையிலும் அமிகாவின் உரிமைகள் வேறு கையிலுமாகப் பிரிந்து, பல முறை விற்கப்பட்டன.

நாரிஸ்டவுன் தொழிற்சாலையை எஸ்காம் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே 1970களில் நிலத்தடித் தொட்டி ஒன்றிலிருந்து கசிந்த டிரைகுளோரோஎதிலீன் என்ற கழுவுதிரவம் சுற்றுவட்டார நிலத்தடி நீரில் கலந்திருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989இல் அந்த இடத்தைத் தேசிய அளவில் முன்னுரிமையோடு சுத்திகரிக்க வேண்டிய மாசுத் தலங்களின் பட்டியலில் சேர்த்தது. பழைய மேலாளர்கள் சிலர் அந்த ஆலையை வாங்கி ஜிஎம்டி மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் என்ற பெயரில் சில ஆண்டுகள் பிறருக்குச் சில்லு செய்துகொடுத்துப் பார்த்தார்கள். புத்தாயிரத்தின் தொடக்கத்தில் அதுவும் மூடப்பட்டது. நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் பணி அதற்குப் பின்னும் தொடர்ந்தது.